முழங்காலில் இரும்புத்தூள்

அந்த அலறல் தெருமுனை வரை கேட்டது!

நாகல் நகர். 1998. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு ஆள் வராத காலை நேரம்.

பூட்டுப் பட்டறை முதலாளி செபஸ்தியான் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு பெரிய மாங்காய்ப் பூட்டு... ரத்தத்தோடு.

அலறியவன் பிரிட்டோ. ஒன்பது வயதில் இங்கே வேலைக்கு வந்தவன். பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

எஸ்.ஐ. ஆரிபா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். சுற்றிலும் தழும்பு.

"இது என்ன?"

"சங்கிலி மேடம். சின்னதுல வேலைய விட்டு ஓடுனேன். முதலாளி கட்டிப்போட்டாரு. முதுகுலயும் கம்பியக் காய்ச்சி ரெண்டு இழுப்பு." பெருமையாகச் சொன்னான். "எங்கப்பன்கூட எம்மேல இம்புட்டு அக்கறை வச்சதில்ல."

முதலாளியைக் குறை சொன்னவர்களின் பல்லை அவன் உடைத்த கதை ஸ்டேஷனுக்கே தெரியும். அதிகம் உடைந்தது ஒச்சப்பனின் பல்.

ஒச்சப்பனும் இதே பட்டறையில் இதே சூடு வாங்கியவன்தான். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். கிழவனை ஒருநாள் கொல்லுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

ஏட்டு மிக்கேல்ராஜ் அவனைச் சட்டையோடு பிடித்து வந்தார்.

ஒச்சப்பன் அழுதுகொண்டிருந்தான்!

விடிந்ததும் முதலாளி ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாராம். பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவங்களைச் சொன்னபோது சாமியார், நீ வதைத்த பிள்ளைகளிடம் போய் மன்னிப்புக் கேள் என்றாராம். எல்லார் முன்னாலும் முட்டி போட்டுக் கும்பிட்டாராம்.

"இருவது வருசமா வஞ்சேன் மேடம். அவரு கும்பிடவும் எல்லாம் விட்டுப்போச்சு. டீ வாங்கிக் குடுத்து நாந்தான் இங்கன இறக்கிவிட்டேன்."

ஆரிபா தரையைப் பார்த்தாள். அரம் போட்ட இரும்புத்தூள் கரிய மாவாகக் கிடந்தது. பிணத்தின் வெள்ளை வேட்டியைப் பார்த்தாள். இரண்டு முழங்காலிலும் வட்டமாக... அதே தூள்.

இங்கேயும் முட்டி போட்டிருக்கிறார். யார் முன்னால்?

"பிரிட்டோ... உங்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாரா?"

அவன் அழுகை நின்றது.

"அவரு எதுக்குக் கேக்கணும்? என் நல்லதுக்குத்தான அடிச்சாரு? தப்புப் பண்ணிட்டேன், தப்புப் பண்ணிட்டேன்னு அதையே சொன்னாரு. அப்ப நான் பட்டதெல்லாம் சும்மாவா? நிப்பாட்டுங்கன்னேன்... நிப்பாட்டல. முதலாளியத் தப்பு சொன்னா எனக்குக் கை நிக்காது மேடம்... யாரு சொன்னாலும்."

விலங்கு பழைய தழும்பின் மேலேயே கச்சிதமாக உட்கார்ந்தது.

ஏட்டு மிக்கேல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சாமியாரு பரிகாரமா ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தா, மனுசன் ஈஸ்டருக்குப் பிரியாணி சாப்ட்டிருப்பாரு!"