இருட்டறையில் ஒரு கை

"ஐயோ...! எனிட்! குத்திட்டாளே பாவி!"

கும்மிருட்டில் ஓர் ஆணின் அலறல்!

எனிட்டின் கையிலிருந்த ஃபிலிம் சுருள் நழுவியது.

"எவளாவது லைட்டைப் போடுங்கடி!" அதே ஆண் குரல்.

"போடாதே! அத்தனை ஃபிலிமும் பாழாயிடும். முதல்ல டப்பாவை மூடுங்க!" பக்கத்து மேஜை பெரில் கத்தினாள்.

டப்பாக்கள் படபடவென்று மூடின. விளக்கு எரிந்தது.

தரையில் சூப்பர்வைசர் பிராட்லி. வலது புறங்கையில் இறங்கி, உள்ளங்கையில் எட்டிப் பார்த்தது ஒரு கத்தரிக்கோல்!

லண்டனுக்கு வெளியே இருந்த அந்த ஃபிலிம் தொழிற்சாலையில், சுருள் சுற்றும் அறைக்குப் பெண்கள் மட்டும்தான். நாள் முழுக்க இருட்டு. விரல்களே கண்கள்.

பிராட்லிக்கும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் கோரிங் வந்தபோது பிராட்லியின் கையில் பெரிய கட்டு.

"எனிட்தான் சார்! சுவரோர மேஜை அவளோடது. வேலை சரியில்லைன்னு சொன்னேன்... குத்திட்டா!"



இன்று எனிட் அந்த மேஜையில் இல்லை. 'அங்கே குளிராது, நீ உட்காரு' என்று புதிதாகச் சேர்ந்த மேவிஸை உட்கார வைத்துவிட்டுத் தப்பித்திருந்தாள். இருட்டில் அங்கே என்ன வரும் என்று தெரிந்தே! சின்னப் பெண்...

உண்மையைச் சொன்னால் மேவிஸ் மாட்டுவாள்.

"நான்தான் சார் குத்தினேன்."

"எதுக்கு?"

எனிட் தலை குனிந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாதது. இத்தனை பேர் முன்னால்...

"இருட்டுல... கை போடுவார் சார்."

"பொய்!" பிராட்லி சீறினான்.

அறையில் ஒருத்தியும் நிமிரவில்லை. பெரில் காதுவரை சிவந்து தரையைப் பார்த்தாள்.

இவளுமா? எல்லாருமா...?

கோரிங் எனிட்டை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு ரத்தம் கொட்டியிருக்கு. உங்க வெள்ளைக் கோட்டுல ஒரு சொட்டு இல்லையேம்மா?"

"அது என் மேல இருக்கு சார்!"

மேவிஸ் எழுந்தாள். மடியை மறைத்திருந்த தொப்பியை எடுத்தாள்.

கோட்டில், தொடைக்கு மேல்... ஐந்து விரலும் பதிந்த ரத்தக் கை!

பிராட்லிக்கு முகம் வெளுத்தது.

"தெரிஞ்சேதான் உன்னை அங்க உட்கார வெச்சேன்..." எனிட் விம்மினாள். "மன்னிச்சுடும்மா!"

"நீங்க சொல்லலேன்னா நானே அந்த இடத்தைக் கேட்டிருப்பேன். இங்க வேலை பார்த்த ஹேசல் எங்க அக்கா. இங்கேருந்து அழுதுகிட்டே வந்தவ இன்னிவரைக்கும் வீட்டை விட்டு வெளியே வரலை. இந்த ஆளைத் தேடித்தான் வேலைக்கே சேர்ந்தேன்!"

ஹேசல்! அவள் அழுதுகொண்டு போனதை எனிட் பார்த்திருந்தாள். காரணமும் தெரியும். வாயைத்தான் திறக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்கிட்டயும்தான் சார்," என்றாள் பெரில், மெல்ல.

"என்கிட்டயும்..." பின்னாலிருந்து இன்னொரு குரல்.

கோரிங் தொப்பியை மாட்டினார். "மேவிஸ், அந்தக் கோட்டைக் கழட்டிக் குடும்மா. ஜட்ஜ் பார்க்கணும். மிஸ்டர் பிராட்லி, கிளம்புங்க."

"அடிபட்டவன் நான் சார்! கையில கட்டைப் பாருங்க!"

"பார்த்தேன். ஒரு கைக்குத்தானே டாக்டர் கட்டுப் போட்டிருக்கார்? இன்னொரு கைக்கு என்கிட்ட விலங்கு இருக்கு!"