இரைச்சலுக்கு அடியில்

மின்னல் நெருங்கியதும் சத்யபிரியா ஆன்டெனா வயரைக் கழற்றி ஜன்னலோரம் போட்டாள். வயர் இல்லாத ரேடியோவில் இரைச்சல் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை.

மணமேல்குடிக்குக் கிழக்கே, புயல் காப்பகத்தின் மாடி அறை. மதியம் மூன்று மணிக்கே கை தெரியாத இருட்டு. கீழே நாற்பது குடும்பங்கள். ஈரத்துணியும் வெந்த அரிசியும் டீசலும் கலந்த வாடை படியேறி வந்துகொண்டிருந்தது. செல்போன் டவர் காலையிலேயே செத்துவிட்டதால், வெளியூரோடு பேச அவளுடைய ரேடியோவும் அதில் வரும் ஒலியை எழுத்தாக்கும் லேப்டாப்பும் மட்டுமே மிச்சம். எண்ணெயில் பொரிவதுபோல ஓயாமல் கரகரத்த அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து, காதுக்கு எட்டாத எதையோ லேப்டாப் பொறுக்கியெடுத்துத் திரையில் வைத்தது. ஒரே ஒரு எழுத்து.

இந்தப் புயலுக்கு அவள் தேர்ந்தெடுத்திருந்தது, எழுத்தை ஒலியாக்கி ரேடியோவில் அனுப்பும் ஒலிவியா முறை. ஆமை வேகம்தான். ஆனால் இடி மின்னலில் பாதி தொலைந்தாலும் மீதியை வைத்துச் செய்தியை மீட்டுவிடும். போன புயலில் அருள்தாஸ் இதைத்தான் கேட்டார். கரையோரக் குப்பத்தில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தவர்.

"பாப்பா, எரைச்சல் கூடிப்போச்சு. ஒலிவியாவுக்கு வா."

"அது வந்து சேர்றதுக்குள்ள புயலே கரையக் கடந்துரும்ண்ணே. பிஎஸ்கேயிலயே அடிங்க, வெரசா முடிச்சிருவோம்."

சுற்றி நின்ற அதிகாரிகளுக்குத் தன் வேகத்தைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். வேகமான அந்த பிஎஸ்கே முறையில் வந்தது வெறும் குப்பை. ஒரு சொல்கூடத் தேறவில்லை. "என்னம்மா சொல்றாங்க?" என்றார்கள். வீட்டிலேயே முதலில் காலேஜ் படியேறியவளுக்குத் 'தெரியல சார்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"எல்லாரும் பத்திரமா இருக்காங்களாம்."

குப்பத்துக்கு மீட்புப் படகு போகவில்லை. அருள்தாஸையும் சேர்த்து ஆறு பேரைக் கடல் கொண்டுபோனது. பிறகு அவளுக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. 'பாப்பா.' ரேடியோவில் அவளை அப்படிக் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

ரேடியோவை அணைத்தாள். அதன் விளக்கு போனது. இரைச்சல் போகவில்லை.

'படகு வேணாம்.'

படியில் காலடி. காப்பகத்துச் சமையல்காரி பொற்கொடி டீயோடு வந்தாள்.

"ஏத்தா, பேயறஞ்ச மாதிரி இருக்க? என்ன சொல்றாங்க?"

'நாங்களே வாரோம்.'

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டினால் போதும். கதவைத் திறக்காதீர்கள் என்றால் போதும். அப்புறம் பொற்கொடி யார் என்று கேட்பாள். ஏன் என்று கேட்பாள். எல்லாம் வெளியே வரும். சத்யபிரியா லேப்டாப்பை மூடினாள்.

"எல்லாரும் பத்திரமாம்க்கா."

"ஒன் வாய்க்குச் சக்கரதான் போடணும்."

கீழே கதவு தட்டும் சத்தம்.

"யாரோ மழையில நிக்கிறாங்க, பாவம்." பொற்கொடி இறங்கி ஓடினாள்.

அக்கா, வேணாம். சொல்ல நினைத்ததோடு சரி. மேல்படிக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விலகியது. அந்த நொடியே இரைச்சல் நின்றது.

வாசலில் ஆறு பேர். வரிசையாக, முதலில் அருள்தாஸ். மழை விட்டிருந்தது. அவர்கள் மேலிருந்து மட்டும் தண்ணீர் ஓயாமல் வழிந்தது. யாரும் உள்ளே வரவில்லை. அண்ணாந்து நின்றார்கள். கண் சிமிட்டாமல்.

ஆறு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.