பார்த்துக்கொண்டே இருந்தால்

படம் பிடித்துப் பார்த்தால் படத்தில் எதுவும் இல்லை.

திரையில் இருந்தது. இசக்கிமுத்து தன் கண்ணால் பார்த்தான். விளையாட்டுக்குள் வரும் சந்தைத் தெருவில் பழம் விற்றுக்கொண்டிருந்த கிழவனின் கன்னத்தில் முதலில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. ஈரத் துணியில் டீ பரவுவது போல அது பரவி, மூக்கைத் தின்று, உதட்டோரத்தை நூலாக இழுத்துத் தரைக்குக் கீழே கொண்டுபோனது. திரையை அப்படியே படமாகச் சேமித்தான். சேமித்ததைத் திறந்தால், கிழவன் கையில் கொய்யாப்பழத்தோடு மாசு மருவில்லாத முகத்துடன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கிராபிக்ஸ் கார்டில் பழுதென்றால் சேமித்த படத்திலும் அந்தப் பழுது விழும். படம் சுத்தமாக இருந்தால் கோளாறு கேபிளில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மானிட்டரில். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்க்கும் இசக்கிமுத்து, ஓய்வு நாட்களில் குவார்ட்டர்ஸின் பின்னறையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து பிளாக்குகளின் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து தருவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தான். பழுது ஒன்றைத் துரத்திப் பிடிப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அது இல்லை.

கார்டு மருதமுத்துவுடையது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவன், வீடு வளையமாதேவிப் பக்கம், சன்னலைத் திறந்தால் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடு. முந்தின நாள் அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். "கேம்ல மொகத்தயெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துகினு இருந்தா அழுகிப்போவுதுங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடியே போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து வருகிற கோளாறு என்றால் பெரும்பாலும் சூடு. சூடு என்றால் தூசி. அன்று காலை, விளையாட்டை ஓட்டிப் பார்க்கும் முன்பே, கார்டின் விசிறியைக் கழற்றியபோது இசக்கிமுத்து முகத்தைச் சுளித்தான். அவன் சுத்தக்காரன். ஓட்டல் டம்ளரை மறுபடி அலம்பாமல் குடிக்கமாட்டான், பேருந்தில் பக்கத்து ஆளின் வியர்வை பட்டால் எழுந்து நின்றுகொள்வான். நெய்வேலித் தூசி அவனுக்குப் பழக்கம். காய்ந்தால் மாவு, நனைந்தால் பசை. இது இரண்டுமில்லை. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஈரமான மயிர்க்கற்றையைப் போலப் பழுப்பாக அடைந்துகிடந்தது. இடுக்கியால் இழுத்தால் அறுபடாமல் நீண்டு வந்தது. பல நாள் கட்டு மாற்றாத புண்ணின் வாடை. சுரங்கத்தில் சில நேரம் மரத்தின் நரம்போட்டம் கலையாத லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரிக் கட்டிகள் கிடைக்கும். மனிதக் கண் ஒன்றுகூட உண்டாவதற்கு முன்னால் அழுகத் தொடங்கிய காடு. அதன் நினைவு ஏனோ வந்தது.

வெளியூர்க்காரனாக இருந்தால் அதை ஸ்பிரிட் வைத்துத் துடைத்திருப்பான். இங்கே வாழ்ந்தவனுக்குத் தூசியை நனைக்கக் கை வராது. காற்றடிக்கும் ப்ளோயரை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். வாயாலேயே ஊதினான். அது கலைந்து எழும்பி நேராக அவன் கண்ணுக்குள் போனது.

பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா சாமியம்மாள் ஓடிவந்தாள். "கண்ணக் கசக்காதப்பா, உள்ள பூந்துக்கும். எங்கூர்ல நாக்கு நுனியாலதான் எடுப்போம். செத்த குந்து."

"நாக்காலயா?"

"எம்புள்ளைங்களுக்கு எடுத்திருக்கேன். எங்க கன்னுக்குட்டிக்கே எடுத்திருக்கேன்."

"கன்னுக்குட்டிக்கு எடுத்த நாக்கா?"

"அப்புறம் பல்லு வெளக்கிட்டேம்பா," என்று சிரித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய நாக்கு தெரிந்தது.

இசக்கிமுத்து பின்னால் நகர்ந்தான். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் முகம் போன போக்கே போதுமாயிருந்தது. சாமியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாத்திரங்களிடம் திரும்பிப் போனாள். அவன் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவினான். உறுத்தல் நின்றுவிட்டது. அவள் முகம் சுருங்கியதை அவன் கவனிக்கவில்லை. கவனித்திருக்கலாம்.

இப்போது, மதியம், சேமித்த படம் சுத்தமாக இருக்கவே, கேபிளை மாற்றினான். கிழவன் அழுகினான். மானிட்டரை மாற்றினான். அழுகினான். கார்டின் சூட்டைக் காட்டும் எண் ஏறவே இல்லை, குளிர்ந்துதான் இருந்தது. கடைசியில் கார்டையே கழற்றி வைத்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் வெளியீட்டில் மானிட்டரைச் செருகினான். படம் தடுமாறித் தடுமாறி ஓடியது. பூ விற்கும் பெண் ஒருத்தி கூடையோடு வந்து நின்றாள். அவளையே பார்த்தான். அவள் கண்ணிமைக்குக் கீழே புள்ளி விழுந்தது.

கார்டு மேசைமேல் கிடக்கிறது. திரையில் முகம் அழுகுகிறது.

போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். போனில் பூக்காரி பளிச்சென்று இருந்தாள். அப்பாடா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கைக்குள், அந்தச் சின்னப் படத்தில், அவள் கன்னம் மெல்லக் கனிந்து உள்வாங்கியது.

போனுக்கும் அந்தக் கார்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

"சாப்பிட வாங்க," என்று மனைவி சத்யாவின் குரல் வந்தது.

சோறு, சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல். மகள் தேவயானி வீட்டில் இல்லாததால் வீடு வெறிச்சென்று இருந்தது. சேத்தியாத்தோப்பில் வங்கியில் வேலை பார்க்கும் சத்யாவின் தம்பி குமரவேல், கோயில் திருவிழாவுக்கு என்று அவளைக் கூட்டிப் போயிருந்தான். சாயங்காலம் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு நாளாக மகளின் முகத்தைப் பார்க்காமல் இசக்கிமுத்துவுக்கு எதுவும் ஓடவில்லை.

"காலைலருந்து அந்தக் கெழவன் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கீங்க," என்றாள் சத்யா. "பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க நேரமில்ல."

"சரி, பாக்கறேன்," என்று சிரித்தபடி நிமிர்ந்தான்.

பார்த்தான். அடுப்படி வெக்கையில் நெற்றியில் ஒட்டியிருந்த முடி. கரைந்த குங்குமம். கல்யாணமான புதிதில் பேருந்தில் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு பார்த்த அதே முகம். பிரியமாகத்தான் பார்த்தான்.

மூக்குத்திக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்தது.

அது திரையில் தெரிந்ததைப்போல வெறும் நிறமாக இல்லை. கசிந்தது. தோல் நனைந்த அப்பளம்போல நெகிழ்ந்து வழுக்கி இறங்கியது. அதற்கு அடியில் பழுப்பாக, நார் நாராக, ஈரமாக ஏதோ நெளிந்தது. உதட்டோரம் நூலாக இழுபட்டு மேசையைத் தாண்டித் தரைக்குள், தரைக்குக் கீழே, இன்னும் கீழே எங்கோ போனது. அந்த வாய் திறந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" என்று கேட்டது. புண் வாடை. தட்டில் வெண்டைக்காயின் வழுவழுப்பு விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கழுவுதொட்டிக்கு ஓடி எல்லாவற்றையும் வாந்தியெடுத்தான். சத்யா பின்னால் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். முந்தானையை நனைத்து அவன் வாயைத் துடைத்தாள். "அந்த வெக்கை ரூம்லயே உக்காந்து பித்தம் ஏறிருச்சு போல," என்றாள். அவள் விரல்கள் எப்போதும்போல இருந்தன. அந்த விரல்களுக்காக அவன் அங்கேயே நின்றான், கண்களை இறுக மூடிக்கொண்டு.

பிறகு பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டான். சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

வெயில் சாய்ந்து, தெருவில் ஷிப்ட் பேருந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போன நேரத்தில் மருதமுத்து வந்தான். கேட்டுக்கு வெளியே, தன் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"கார்டு சரியாயிடுச்சுங்களா சார்?"

இசக்கிமுத்துவும் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்தான். "மருதமுத்து, உங்களுக்கு அது கம்ப்யூட்டர்ல மட்டுந்தானா?"

சுரங்கத்துப் பக்கமிருந்து கன்வேயர் பெல்ட் ஓடும் சத்தம் காற்றில் வந்து வந்து போனது.

"மொதல்ல கம்ப்யூட்டர்ல மட்டுந்தாங்க இருந்துச்சு. அதான் கார்டுன்னு நெனச்சுகினேன். அப்பறம் எம் பொண்டாட்டி. அப்பறம் எங்கம்மா." சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் செருப்பால் தட்டினான். "டீக்கடைக்காரரு, கண்டக்டரு, அவங்கள்லாம் நல்லாத்தாங்க கீறாங்க. அவங்கள யாரு உத்துப் பார்க்கிறா? புடிச்ச மொகத்தத்தான பார்த்துகினே இருப்போம்."

"திரும்பச் சரியாகுமா?"

"அழுவுனது அழுவுனதுதாங்க."

"குழந்தைங்க?"

"ஒரு பையன். கைக்கொழந்த. நான் பார்க்கிறதில்லீங்க. தொட்டி ஆடுற சத்தத்தக் கேட்டுகினு செவுத்துப் பக்கம் திரும்பிக் குந்திப்பேன். அவன் மொகமாச்சும் அப்பிடியே இருக்கட்டும்." வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தான். "கார்டுல பழுதுதானுங்களே சார்?"

இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்த மனிதன் கையில் அந்த ஒரு நம்பிக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"கார்டுலதான்," என்றான் இசக்கிமுத்து. "வேற ஒண்ணுமில்ல." வேலைவிட்டு வந்த வியர்வையும் கரித்தூளும் படிந்த அந்தத் தோளில் கையை வைத்தான். கையை எடுக்க அவசரப்படவில்லை.

மருதமுத்துவின் வண்டி போன திசையிலிருந்தே குமரவேலின் வண்டி வந்தது.

பார்க்கக்கூடாது. இசக்கிமுத்து முடிவு செய்துவிட்டான். இன்றைக்கு மட்டும் இல்லை, இனி எப்போதும். கூடத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றி எறியும் சத்தம். புது வளையல் குலுங்கும் சத்தம். திருவிழாவில் வாங்கிய கவுனின் விளிம்பு அவன் பார்வைக்குள் வந்து நின்றது.

"அப்பா, முன்பல்லு விழுந்துருச்சு. பாருங்க."

"பாத்தேன்டா தங்கம்."

"எங்க பாத்தீங்க? நீங்க தரையத்தான் பாக்கறீங்க."

குமரவேல் வாசலில் நின்று சிரித்தான். "மச்சான், அப்பாகிட்டதான் மொதல்ல காட்டுவேன்னு வழியெல்லாம் வாயவே தொறக்கல. எனக்கே காட்டல. கவுரவம்."

"அப்புறமாப் பாக்கறேன். அப்பாவுக்குத் தலைவலி."

கவுனின் விளிம்பு அசையாமல் நின்றது. சத்யா சமையலறையிலிருந்து ஏதோ சொன்னாள். கன்வேயர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது வீட்டுக்கு அடியில் ஓடுவதுபோல.

"எம்மேல கோவமாப்பா?"

மிகச் சின்னக் குரல். ஒரு குழந்தையின் முகம் அழுகாமல் இருக்கலாம். அதைப் பார்க்க அப்பா இல்லாமல் அது வளரலாம். இதில் எது அழுகல் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு பார்வை. சட்டென்று பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துவிடலாம். கிழவனுக்குக்கூடக் கொஞ்ச நேரம் ஆனதே.

நிமிர்ந்தான்.

தேவயானி நின்றிருந்தாள். நெற்றியில் திருநீறு. கலங்கிய கண்கள். அவன் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. அப்படியே. முழுசாக. சுத்தமாக. பல் விழுந்த இடத்தைக் காட்டிச் சிரித்தாள்.

போதும். எடுத்துவிடு.

எடுக்க முடியவில்லை. அவள் இரண்டு கைகளாலும் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பாருங்க."

பார்த்தான்.

பல் விழுந்த ஓட்டையில் ஒரு புள்ளி. பழுப்பு.

ஈறு முழுக்க.

உதடு.

கன்னம் கனிந்தது. உள்வாங்கியது. திருநீறு சேறானது. நார் நாராக ஏதோ. ஈரம். நெளிவு. மூக்கு இருந்த இடத்திலிருந்து ஒரு நூல், தரைக்கு, தரைக்குக் கீழே.

வாடை.

அவன் கண்ணை மூடவில்லை.

"அழகா இருக்கா?" என்று அது கேட்டது.

"அழகா இருக்கும்மா."

அது எம்பி அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தது. கண்ணில்தான் கோளாறு என்று அதுவரை நினைத்திருந்தான். கன்னத்தில் கொழகொழவென்று பட்டது. படிந்தது. படிந்த இடத்தில் மெல்ல அசைந்தது. வயிறு தொண்டைக்கு ஏறியது. விழுங்கினான். கைகளை அவள் முதுகில் கோத்து, இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டான்.

தேவயானி தன் முகத்தை விலக்கிக்கொண்டாள். முழுவதும் அவளோடு போகவில்லை. கொஞ்சம் அவன் கன்னத்திலேயே தங்கிவிட்டது. வெதுவெதுப்பாக, துடித்துக்கொண்டு.

இசக்கிமுத்து அதைத் துடைக்கவில்லை.