சாக்பீஸ் கோடு

மூன்றாவது படத்திலும் அந்தக் கறை இருந்தது. மனைவியின் வலது தோளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஈரக் கையால் அழித்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். லென்ஸில் தூசி என்று நினைத்து அவன் துணியால் துடைத்தான். பாஸ்போர்ட் போட்டோ கடையில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்குத் தூசி புதிதல்ல.

வெளியே மதியம் மூன்று மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டு, அதுவும் அவன் செய்த இருட்டு. பறக்கிற கிளியின் சிறகு கலங்காமல் படத்தில் விழ வேண்டுமென்றால் ஃப்ளாஷ் மின்னும் நொடியைத் தவிர வேறு வெளிச்சம் கூடாது என்று ஜன்னல்களில் கறுப்புத் துணியை ஆணியடித்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, கிளி அடிபடாமலிருக்க ஃபேனையும் நிறுத்தி, மணி அடித்தால் அது மிரளும் என்று இரண்டு போன்களையும் வெளியே வைத்துவிட்டு வந்திருந்தான். கதவருகே ஒரு சின்ன இரவு விளக்கு மட்டும் மினுக்கியது. புழுக்கமும், கிளி கொறித்துப் போட்ட தானிய உமியின் வாசமும், அதற்கு அடியில் எங்கிருந்தோ ஒரு ஈர வாசமும்.

கிளியின் பெயர் வக்கீல். விடிந்தால் அடைந்தால் எதிர்வாதம் பண்ணுவதால் அவள் வைத்த பெயர். முன்பு வளர்த்த புண்ணியவான் அதன் சிறகை வெட்டிவிட்டிருந்தான். அது மறுபடி முளைக்கும்வரை ஒரு வருடம் அவள் கையிலேயே வைத்துத் தீனி ஊட்டினாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

"ஒரே ஒரு படங்க. றெக்கை முழுசா விரிஞ்சிருக்கணும். ஹால்ல மாட்டணும்," என்றாள் கதவருகே நின்றபடி. வக்கீல் அவள் மணிக்கட்டில் இருந்தது. "நீங்க அசையாத ஆளையே எடுத்துப் பழகினவரு. 'முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்க'ன்னு இவன்கிட்டயும் சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னா கேஸ் போட்டுருவான்."

அவள் சிரித்தாள். வக்கீல் வாயைத் திறக்கவில்லை. இந்த அறைக்குள் வந்ததிலிருந்தே அது ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பறக்கிற கிளியைத் துரத்தி ஃபோகஸ் செய்ய முடியாது. அதனால் அறையின் நடுவே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு லென்ஸைத் திருப்பி, ஃபோகஸ் வளையம் நகராதபடி டேப் ஒட்டியிருந்தான். கோட்டின் மேல் வருவது மயிரிழைகூடத் துல்லியமாக விழும். கோட்டுக்கு அந்தப் பக்கமும் மங்கல், இந்தப் பக்கமும் மங்கல். அவள் கையிலிருந்து கிளம்பும் கிளி, கோட்டைத் தாண்டி, அவன் பக்கத்தில், அது உட்கார வைத்திருந்த கம்பிக்கு வர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நான்காவது முறை வக்கீல் பாதி தூரம் வந்து, ஏதோ சுவரைக் கண்டதுபோல் திரும்பி, அவள் கழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஃப்ளாஷ் மின்னியது. அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

கறைக்குத் தோள்கள் இருந்தன.

ஐந்தாவது படத்தில் அது அவளுக்குப் பின்னால் இல்லை. பக்கத்தில் நின்றது. தலை எது, கை எது என்று சொல்லிவிடலாம். தூசி இப்படித் தெளிவாகாது. தெளிவாகிறது என்றால் கோட்டை நோக்கி வருகிறது. நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தான். அவள், கிளி, சுவர். வேறொன்றுமில்லை.

"உன் பக்கத்துல ஏதாச்சும் மாட்டி வச்சிருக்கியா?"

"வெறும் சுவருங்க. ஏன்?"

"கதவத் திற."

"படம் வேணாமா?"

"திறன்னு சொல்றேன்ல!"

அவள் முகம் மாறியது. தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். இரவு விளக்கு உடைந்தது. அணையவில்லை, உடைந்தது. கண்ணாடித் தூள் தரையில் சிதறுவதை அவன் கேட்டான்.

இருட்டு.

சிறகடிப்பு. ஒரு வட்டம். இரண்டாவது வட்டம். பாதியில் நின்றது. காய்ந்த குச்சியை ஒடித்ததுபோல் ஒரு சத்தம்.

"வக்கீலு!" என்று அலறினாள் அவள். பிறகு, "ஏங்க... என் முடி... ஏங்க!"

அறையில் இருந்த ஒரே வெளிச்சம் அவன் விரலுக்கடியில் இருந்தது. அழுத்தினான்.

மின்னல். கேமராவின் திரையில் படம் வந்து நின்றது.

துல்லியம். அத்தனையும் துல்லியம். கோட்டின் மேல் அவள். பாதங்கள் தரையில் இல்லை. கூந்தலைச் சுற்றிப் பிடித்த ஒரு நீண்ட கை. இன்னொரு கை அவள் வாய்க்குள் மணிக்கட்டுவரை. கன்னம் காதுவரை கிழிந்திருந்தது. அவள் கண்கள் லென்ஸைத்தான் பார்த்தன. காலடியில் வக்கீல், சிறகு முழுதாக விரிந்து.

"விடு! அவள விடு!"

கிளிக் கம்பியைப் பிடுங்கி இருட்டில் ஓங்கிச் சுழற்றினான். எதிலோ பட்டது. பட்டது மிருதுவாக இருந்தது. கம்பி அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு பறிபோனது. தரையில் எதையோ இழுக்கும் சத்தம். சுவரில் மோதும் சத்தம். மறுபடி மோதும் சத்தம். மூன்றாவது மோதலில் அவள் குரல் நின்றது.

ஃப்ளாஷ் மெல்ல விசிலடித்தபடி மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தது. அடுத்த மின்னலுக்கு நான்கு நொடி. முருகா, நான்கே நொடி. கதவு அவளுக்குப் பின்னால். ஜன்னல்களில் அவன் அடித்த ஆணிகள்.

விசில் நின்றது. அழுத்தினான்.

திரையில், தூரத்தில், கதவடியில் அவள் ஒரு குவியலாக. தலை முதுகுப் பக்கம். கை மட்டும் தாழ்ப்பாளை நோக்கி.

அவளுக்கு முன்னால், படம் முழுக்க, விளிம்புவரை, சாம்பல் மங்கல். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்ட மங்கல்.

அவன் மூச்சை அடக்கினான். முகத்துக்கு நேரே வேறு யாரோ மூச்சு விட்டார்கள். ஈர வாசம்.

திரை அணைவதற்குள், அதன் வெளிச்சத்தில், பச்சை இறகு ஒட்டிய ஒரு விரல் லென்ஸின் டேப்பைப் பிய்த்தது. வளையத்தைத் திருப்பி, ஃபோகஸைக் கோட்டிலிருந்து மெதுவாக அவன் பக்கம் கொண்டுவந்தது.