தொடுவதற்கு முன்

“காலையில அந்த ஒரு நிமிஷத்த ஏன் விட்டீங்க, டாக்டர்?”

“சிஸ்டர், ஊசியக் கொடுங்க—”

“எல்லாரும் கையக் கட்டி நின்னு, உறுப்பு கொடுத்தவரோட வீட்டுக்காரங்க எழுதினத வாசிச்ச பிறகுதான் கத்திய வைக்கணும். இத்தன வருஷமா—”

“வெளிய ஆம்புலன்ஸ் காத்து நின்னுச்சு, உள்ள நான் கடிதமா வாசிச்சிட்டிருப்பேன்? செத்தவருக்குக் காது கேக்கவா போகுது?”

“உங்க கை வேகத்துக்கு வாய் தோத்துப்போச்சு, போங்க.”

மதியம் இரண்டு மணி. அறுவை மேசையில் ஒரு தையல்காரப் பெண் வயிறு திறந்து கிடந்தாள். அவளுடைய கெட்டுப்போன கல்லீரலை எடுத்தாகிவிட்டது. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து காலையில் எடுத்த கல்லீரல், ஐஸ் பெட்டியிலிருந்து இறங்கி அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய்களை இணைக்காவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள்.

அதைக் காலையில் எடுத்த டாக்டரே இப்போது இணைக்கவும் நின்றான். பல வருடம் சர்ஜனாக இருந்துவிட்டு, உறுப்பு மாற்று அறுவையில் மேற்பயிற்சிக்கு வந்தவன். எல்லோருக்கும் அவன் ‘மின்னல்’. இணைப்பை இன்றுதான் முதல் முறையாக அவனிடம் விட்டிருந்தார் எதிரே நின்ற பெரிய டாக்டர்.

“சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. தையி,” என்றார்.

மின்னல் கல்லீரலைத் தொட்டான்.

மருந்து நெடியை மீறி, ஈரத் தாரும் பெட்ரோலும் கலந்த வாடை எழுந்தது.

துணிக்கு அடியில் ஏதோ பட்டென்று அறுந்தது.

அவள் கையைக் கட்டியிருந்த பட்டை.

தசை ஒன்றுகூட அசையாதபடி மருந்து ஏற்றப்பட்டிருந்த கை, மெல்ல எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது.

“மின்னல், கைய எடு!”

“நான் பிடிக்கல சார். அவங்கதான் பிடிச்சிருக்காங்க!”

“இருக்கவே முடியாது,” என்றார் மயக்க மருத்துவர். “மருந்து முழுசா ஓடுது!”

எலும்பு முறிந்தது. பச்சைக் குச்சியை ஒடிப்பது போன்ற ஓசை. அவன் அலறிய அலறலில் தட்டு கவிழ்ந்தது. அந்தக் கை அவன் கையைத் திருப்பி, அவன் பிடித்திருந்த ஊசியை அவன் முன்கையிலேயே இறக்கியது. ஒருமுறை. மறுபடி. ரத்தக் குழாயை அடைத்திருந்த கவ்வி நழுவ, ரத்தம் விளக்குவரை பீய்ச்சி, சூடாக எல்லோர் முகத்திலும் சொட்டியது.

“கடிதம்!” சிஸ்டர் கத்தினாள். “பெட்டியோட வந்த கடிதம்! பிரிச்சு வாசிங்க மேடம்!”

மயக்க மருத்துவர் உறையைக் கிழித்தார். உரக்க வாசித்தார்.

“‘என் வீட்டுக்காரர் தூக்கத்தில் இருக்கும்போது தொட்டால் கையை முறுக்கிவிடுவார். சின்ன வயதில் தூங்கும்போது வாங்கிய அடி அப்படி. சொல்லிவிட்டுத் தொடுங்கள். ஒன்றும் செய்ய மாட்டார்.’”

“சொல்லித் தொலைங்க டாக்டர்!”

“தொ... தொடப்போறேங்க,” என்றான் மின்னல்.

பிடி தளர்ந்தது.

உடைந்த கையோடு அவனை வெளியே தள்ளிவிட்டு, பெரிய டாக்டரே தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் முன்னால், “தொடறேங்க” என்று முணுமுணுத்தார். கடைசிக் கவ்வியை எடுத்ததும் கல்லீரல் சிவந்தது. அவள் பிழைத்தாள்.

கல்லீரல் தந்த அதே மனிதரின் சிறுநீரகம் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. சிஸ்டர் பதறிப்போய் அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அங்கே அனுப்பினாள்.

கட்டுப்போட்ட கையோடு மின்னல் நடைபாதை பெஞ்சில் இருந்தபோது, அவன் போன் அடித்தது. சிஸ்டர் எடுத்து அவன் காதில் வைத்தாள். அந்த ஆஸ்பத்திரி சர்ஜன். அவனோடு ஒன்றாகப் படித்தவர். பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம்.

“டேய், கடிதத்தப் பத்து தடவ வாசிச்சிட்டோம், தொடறோம்னு சொல்லியும் பாத்துட்டோம். கிட்னி வச்ச பேஷண்ட் என் அசிஸ்டென்ட் கழுத்த விடமாட்டேங்கறாருடா. முழு மயக்கத்துல, வாயில குழாயோட பேசறாரு. காலையில சொல்லாம கத்தி வச்சவன் எங்கேன்னு கேக்கறாரு. நான் என்னடா சொல்லட்டும்?”