தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மயிலாப்பூரில் நல்ல மழை. கச்சேரி ரோடு முழுக்கத் தண்ணீர். ஆட்டோக்காரர் எங்கள் சந்துக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் கணவன் ஆஸ்வின் குடை பிடிக்க, நான் பிள்ளையைத் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டு நடந்தேன். எங்கள் கட்டடம் பழசு. கீழே மூடிக்கிடக்கும் ஓர் அச்சகம், மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள், நடுவே பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒரு நடை. ஒரு வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எதிர்வீட்டில் பங்கஜம் மாமி தனியாக இருந்தார். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகுட்டி கிடையாது.

எனக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை. மூத்தவனுக்கு வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். பிறந்த வாரமே போய்விட்டான். அடுத்தவளுக்கு அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, ஒரு புனிதையின் பெயரையும் வைத்தோம். அவளும் நிற்கவில்லை. அதனால் இந்த முறை நான் பெயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. 'என்ன பேரு வெக்கப்போற' என்று யாராவது கேட்டால் எரிந்து விழுந்தேன். இந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நான் கணக்கு டீச்சர். பேய் பிசாசு என்று வகுப்பில் பேசுகிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைக்கிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படி ஏறி வந்தால், மாமி கையில் முறத்தோடு நடையில் நிற்கிறார்.

"உள்ள போகாதே. கொழந்தைய இங்க குடு."

"என்ன மாமி, நனைஞ்சுபோய் வந்திருக்கோம்."

"ரெண்டு போயிடுத்தோல்லியோ? இது நெலைக்கணும்னா இது உன்னுதா இருக்கப்படாது. எனக்குத் தவிட்டுக்கு வித்துடு."

எனக்கு இது புதிதல்ல. எங்கள் சாந்தோம் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. என் பெரியப்பா பெயர் பிச்சைமுத்து. அவருக்கு முன் பிறந்ததெல்லாம் போய்விட்டதால், கோயில் வாசலில் பிச்சையாக வாங்கிய பிள்ளை என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தார்கள். அவர் பேரன் பேத்தி எடுத்து, எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனார். அந்தக் காலத்துக் கதை என்று நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை. ஆஸ்வின் 'சும்மா இரு ரெனி' என்று என் கையைப் பிடித்தான். நான் அவன் கையை உதறிவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தேன்.

மாமி பிள்ளையை முறத்தில் கிடத்தினார். ஒரு கிண்ணம் தவிட்டை என் துப்பட்டாவில் கொட்டினார். பிறகு குனிந்து, பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்னார். "குப்பு. குப்பு. குப்பு." குப்பையிலிருந்து எடுத்ததென்று அர்த்தம். அப்படி ஒரு பெயர் இருந்தால் எமன்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவானாம்.

"ஒரு வயசு ஆனதும் தவிட்டைத் திருப்பிக் குடுத்து வாங்கிண்டு போயிடு. மறந்துடாதே. அதுவரைக்கும் இது என் கொழந்தை. உன் ஆத்துல வளர்றது, அவ்வளவுதான்."

பிள்ளை பிழைத்தது. காய்ச்சல் வந்தது, போனது. மஞ்சள்காமாலை வந்தது, அதுவும் போனது. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து ஜெசிந்தா என்று பெயர் வைத்தோம். சாமியார் தண்ணீர் ஊற்றியபோது அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து நடையில் நின்று மாமி 'குப்பு' என்றதும் கண்ணைத் திறந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. சரி, பிள்ளை இருக்கிறதே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

முதல் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டினோம், பிரியாணி போட்டோம். தவிடு மட்டும் கொடுக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எனக்குப் பயமாக இருந்தது. திருப்பி வாங்கிவிட்டால் இவள் மறுபடி என் பிள்ளை ஆகிவிடுவாள். என் பிள்ளைகள்தான் தங்குவதில்லையே. இன்னும் ஒரு மாதம் போகட்டும், பல் முளைக்கட்டும், நடக்கட்டும் என்று நானே தள்ளிக்கொண்டு போனேன்.

மாமி முதலில் விடாமல் கேட்டார். "எப்போடி வாங்கிண்டு போறே?" பிறகு எப்போதாவது கேட்டார். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். நான் வேலைக்குப் போகிற நேரம் பிள்ளை அவரிடம்தான் இருந்தாள். சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கையை நீட்டினால், பிள்ளையை உடனே தராமல் மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் எதிர்வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. கதவை உடைத்துத்தான் போனோம். மாமி ஊஞ்சலில் சாய்ந்தபடி போயிருந்தார். பெங்களூரிலிருந்து அவருடைய தம்பி மகன் கோதண்டபாணி வந்தார். காரியமெல்லாம் முடித்து, புதுப் பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். நான் மாமிக்காக நிஜமாகவே அழுதேன். தவிட்டு நினைப்பு அப்போது எனக்கு வரவே இல்லை.

மே மாத லீவு ஆரம்பித்தது. நானும் பிள்ளையும் நாள் முழுக்க வீட்டில்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, சந்தில் காய்கறி வண்டிகூட வராத நேரம். கரண்ட் போய் மின்விசிறி மெதுவாக நின்றது. நான் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். பிள்ளை பக்கத்தில் பொம்மையை நக்கிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ மரிக்கொழுந்து வாசனை வந்தது. பூ வைத்துக்கொள்ளாவிட்டாலும், மாமி தினமும் அதில் ஒரு கிள்ளு கொண்டையில் செருகியிருப்பார்.

பிள்ளை பொம்மையைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"ஜெசிந்தா," என்றேன்.

திரும்பவில்லை.

"ஜெசிம்மா. இங்க பாரு."

தவழ்ந்து போய்க் கதவில் கையை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

எலியாக இருக்கும், புறாவாக இருக்கும், எனக்கு அசதி என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதே நேரம், அதே வாசனை. அதற்கடுத்த நாள் எனக்கும் கேட்டது. எதிர்வீட்டின் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பாமல் குழந்தையை மட்டும் கூப்பிடுகிற மாதிரி.

குப்பு.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அவள் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தபடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சோறு, பால், பிஸ்கட், எதைக் கொடுத்தாலும் துப்பினாள். அடையாற்றில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். எல்லா டெஸ்டும் சரியாக இருந்தது. ஆனால் பிள்ளை கண்ணுக்கு முன்னால் வற்றிக்கொண்டு போனாள். முதல் இரண்டையும் மண்ணில் வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் டாக்டர் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்வினிடம் தவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "படிச்ச பொண்ணு மாதிரியா பேசுற?" என்றான். பிறகு ஒருநாள் மத்தியானம் அவனே வீட்டில் இருந்தான். பிள்ளையைக் காணோம் என்று தேடிப்போனவன், நடையில் அவளைக் கண்டான். எதிர்வீட்டுப் பூட்டிய கதவின் அடியிலிருந்த இடுக்கில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. யாரோ ஊட்டுகிற மாதிரி வாங்கி, மென்று, விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் நேராகக் கோதண்டபாணிக்குப் போன் போட்டான்.

கோதண்டபாணி ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். நல்ல மனிதர்தான். நான் மந்தைவெளி மாவுமில்லில் வாங்கி வைத்திருந்த தவிட்டைக் காட்டினேன். நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அத்தை எங்கிட்டயும் போன்ல சொன்னா. எனக்குன்னு ஒரு கொழந்தை வந்திருக்குடான்னா. நான் ஏதோ வயசான பேச்சுன்னு விட்டுட்டேன்."

"நீங்க அவங்க வாரிசு. நீங்க தவிட்டை வாங்கிக்கிட்டு ஜெசிந்தாவை எங்கிட்ட குடுங்க சார். ஒரே ஒரு வார்த்தை, குடுத்துட்டேன்னு."

"அத்தை வாங்கினத நான் எப்படிம்மா விக்க முடியும்? வாங்கினவாதான் குடுக்கணும்." பையிலிருந்து சாவியை எடுத்தார். "கொழந்தைய அவ ஆத்துக்குள்ள விடுங்கோ. தவிட்டை வாசப்படில வையுங்கோ. வெளில நின்னுண்டு, நீங்க வெச்ச பேரச் சொல்லிக் கூப்பிடுங்கோ. உங்க பேருக்கு அவ வந்துட்டா, உங்க கொழந்தை."

"வரலைன்னா?" என்றான் ஆஸ்வின்.

அவர் பூட்டைத் திறந்துவிட்டுப் படிக்கட்டுக்கு நகர்ந்துகொண்டார்.

கதவு திறந்ததும் மரிக்கொழுந்து வாசனை முகத்தில் அடித்தது. கூடம் இருட்டாக இருந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தரை முழுக்கத் தூசி படிந்திருந்தது.

தூசியில் சின்னச் சின்னக் காலடிகள்.

ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றி.

என் பிள்ளை இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை.

அவளை உள்ளே இறக்கவே மனம் வரவில்லை. ஆனால் அவள் என் கையிலிருந்து நழுவி இறங்கி, வாசற்படியைத் தாண்டிவிட்டாள். தாண்டியதும் எழுந்து நின்றாள். எதையும் பிடிக்காமல், பழகினவள் மாதிரி, அந்தச் சுவடுகளின் மேலேயே காலை வைத்து நடந்தாள். ஊஞ்சலுக்கு முன்னால் போய் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

நான் தவிட்டைப் படியில் வைத்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன்.

"ஜெசிந்தா."

ஊஞ்சல் லேசாக ஆடியது.

"ஜெசிந்தா. அம்மாகிட்ட வா."

பிள்ளை ஒரு நொடி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

பிறகு இரண்டு கையையும் ஊஞ்சலை நோக்கித் தூக்கினாள்.

"ஜெசிந்தா."

அவளுடைய கால் தரையை விட்டு மேலே எழும்பியது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. சாமியார் கொடுத்த பெயர், நாங்கள் ஆசையாகத் தேடின பெயர், எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளை எந்தப் பெயருக்கு வருவாளோ அந்தப் பெயர் போதும்.

"குப்பு," என்றேன். "குப்பு. வாடி."

ஊஞ்சல் நின்றது.

பிள்ளை தரையில் விழுந்து எழுந்து, ஓடி வந்து, தவிட்டைக் காலால் தட்டிவிட்டு என் மேல் பாய்ந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அந்த நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பசி என்று வயிற்றைக் காட்டினாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு என் பிள்ளை என்னிடம் பசி என்று காட்டினாள். ஆண்டவரே, ஆண்டவரே என்று நான் உளறிக்கொண்டே இருந்தேன்.

தலையைத் தூக்கினால், கோதண்டபாணி படிக்கட்டில் இல்லை. கீழே அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்வின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமியே விட்டுட்டாங்கடா," என்றேன். "பாரு, பிள்ளை வந்துட்டா."

"ரெனி," என்றான். ரொம்ப மெதுவாக. "கூப்பிட்டது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"ஒன் வாய்தான் அசைஞ்சுது. நான் பக்கத்துலயே நின்னேன்." திறந்திருந்த கதவைப் பார்த்தான். "வந்தது மாமி கொரல்."

அந்த வாரமே மயிலாப்பூரைக் காலி செய்துவிட்டு அடையாற்றுக்கு வந்துவிட்டோம். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள். கன்னம் உப்பிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் திருஷ்டி சுற்றிப்போடச் சொல்கிறார்கள். என் குரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் கத்துகிறேன், மீன்காரம்மாவிடம் பேரம் பேசுகிறேன், எல்லாம் என் குரல்தான். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும், ஜெசிந்தா என்று கூப்பிட்டாலும் சரி, ஆஸ்வின் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறான். மாமி குரல் என்கிறான். எனக்கு வித்தியாசமே கேட்பதில்லை. அவன் பொய் சொல்கிற ஆளும் இல்லை.

அதனால் நான் என் பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. கையைத் தட்டுகிறேன்.

தட்டினால் வந்துவிடுகிறாள். வந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.