மூன்று புள்ளிகளுக்குப் பின்னால்

“இதைச் செஞ்ச புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...”

பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பக்கத்தில் ஒருவன். தொப்பலாக நனைந்த சட்டை. ஒரு கையில் மூடி போட்ட கூடை, மறு கையில் கைப்பேசி. கட்டைவிரலால் திரையை அப்படியும் இப்படியும் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் புருவத்திலிருந்து இறங்கிய மழைத்துளி ஒன்று இமையில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது...

‘கண்ணு நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்லை’ என்று நினைத்துக்கொண்டாள்.

“யாரைத் திட்டுறீங்க?”

“இந்த ஆப்பை டிசைன் பண்ணவங்களை!” என்று திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அவளுக்குத் திக்கென்றது. வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வளையம். அன்றைய வேலைகளை முடிக்க முடிக்க அதில் நீலம் ஏறும். அவள் வரைந்தது! பட்டன்கள் முட்டி மோதிக்கொண்டிருந்த பழைய செயலியைத் துடைத்துப் பெருக்கி, சோறு தண்ணி மறந்து, இழைத்து இழைத்து அவள் செய்து கொடுத்த புது முகம்.

“ஏன்... அழகாத்தானே இருக்கு?”

“அழகுக்கு என்ன குறைச்சல்? ஒரு வேலையைத் தினமும் ஞாபகப்படுத்துன்னு சொல்லணும். முன்னாடி அதுக்கு ஒரு பட்டன் கண்ணு முன்னாடியே இருந்துது. இப்ப ஆளையே காணோம். முகம் லட்சணமா இருக்கணும்னு மூக்கை எடுத்துட்டாங்க போல.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பும் வந்துவிட்டது.

“மேல மூணு புள்ளி இருக்கு பாருங்க. அதை அழுத்துங்க. கீழ தள்ளுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அதேதான்.”

“அடப்பாவிங்களா, இங்கயா ஒளிச்சு வச்சிருக்காங்க? உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

சொல்லியிருக்கலாம். நான்தான் அந்தப் புண்ணியவான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தக் கண்கள் அத்தனை நன்றியோடு அவளைப் பார்த்துத் தொலைத்தன...

“நானும் இதைத்தான் வச்சிருக்கேன்” என்றாள். பொய்யில்லை. உண்மையென்றும் சொல்ல முடியாது.

கூடைக்குள்ளிருந்து ‘மியாவ்’ என்று ஒரு குரல். அவள் குனிந்து இடுக்கு வழியாக விரலை நீட்டினாள். சாம்பல் நிற மூக்கு ஒன்று விரலை முகர்ந்தது.

“உங்களதா?”

“இல்லங்க, நான் கால்நடை டாக்டர். தெருமுனையில கிளினிக். இவர் வீட்டுக்குத் திரும்பிப் போறார், கொண்டு விடப் போறேன். உங்க வீட்ல நாய், பூனை ஏதாவது இருந்தா கூட்டிட்டு வாங்க.”

“எதுவும் இல்லையே.”

“அப்ப ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்று சொல்லி, வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியாகக் கூடையைத் தூக்கிக் காட்டி ஒரு கும்பிடு போட்டான். அவள் ஏற வேண்டிய பேருந்தும் அதுதான் என்பது அது திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அதற்கப்புறம் மழை அவளுக்கு வேண்டிய சொந்தக்காரன் மாதிரி சாயங்காலம் தவறாமல் வந்தது. டாக்டரும் வந்தான். ‘மூணு புள்ளி மேடம்’ என்று அவளுக்கு ஒரு பெயர் வைத்தான். கடிக்க வந்த கிளி, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த வாத்தியார் (நாய்க்குப் போடவிருந்த ஊசி அது!) என்று அவனிடம் கதைகள் இருந்தன. நடுநடுவே செயலிக்கும் திட்டு விழுந்தது. அவள் விட்டுக்கொடுக்காமல் வாதாடினாள்.

“பட்டனா அடுக்கி வச்சா பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தாதா? வேலைன்னாலே பயம். திறந்ததும் மனசுக்கு இதமா இருக்க வேணாமா?”

“இதமா இருந்துட்டுப் போகட்டும். கூப்பிட்ட குரலுக்கு வரணுமில்ல?”

“அழகா இருக்கிறது எதுவும் உருப்படியா இருக்காதுன்னு உங்க முடிவு!”

“அப்படி யாருங்க சொன்னது?” என்று அவளை நேராகப் பார்த்தவன், சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு அன்று வீடு வந்து சேர்ந்த வழியே தெரியவில்லை...

நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த நாளை வருவதற்குள் அவனே வந்துவிட்டான். அவள் அலுவலகத்துக்கு.

புது வடிவத்தைப் பற்றிக் குறை எழுதியவர்களில் சிலரை நேரில் அழைத்துக் கேட்பது என்று டீம் லீடர் ஏற்பாடு செய்திருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இஸ்திரி போட்ட சட்டையில் டாக்டர் உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“அட, உங்களையும் கூப்பிட்டாங்களா?”

“இவங்கதான் சார் எங்க டிசைனர்” என்றார் டீம் லீடர் பெருமையாக. “இந்த ஆப்போட முகமே இவங்க வரைஞ்சதுதான்.”

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் பேசினான்.

“எங்ககிட்ட ஒரு பூனையை விட்டுட்டு ஒருத்தங்க ஊருக்குப் போயிருந்தாங்க. சர்க்கரை வியாதி இருக்கிற பூனை. காலையும் சாயங்காலமும் ஊசி போடணும். எங்க அக்காதான் கிளினிக் வேலையெல்லாம் இதுல குறிச்சு வைப்பாங்க. தினமும்னு குறிக்க இடம் தெரியல. ஒரு நாள் அடிச்சுது, அப்புறம் அடிக்கல. நானும் வேற ஊர்ல இருந்தேன். திரும்பி வந்து பார்த்தப்ப அது கூண்டுல சுருண்டு கிடந்துது.”

டீம் லீடர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“பிழைச்சுக்கிச்சு. ஆனா பிழைக்கிற வரைக்கும் எங்க அக்கா பச்சைத் தண்ணி குடிக்கல.” இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். “அன்னைக்குக் கூடையில இருந்துதே... அதுதான்.”

விரலை முகர்ந்த அந்தச் சாம்பல் மூக்கு... அவளுக்கு அழுகை முட்டியது. மன்னிச்சுக்கோங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் சுற்றிலும் அலுவலகமே உட்கார்ந்திருந்தது. பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது.

“மூணு புள்ளியை அழுத்தினா இருக்கே... எடுத்துடலையே...”

“இருக்கு. தேடிப் பார்க்க நேரம் இருக்கிறவங்களுக்கு இருக்கு.” அவன் எழுந்தான். “நான் திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தீங்களே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

கதவு சத்தமில்லாமல் மூடியது. ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

அதன்பிறகு அவள் அந்த நிறுத்தத்துக்குப் போகவில்லை. சுற்று வழியில் நடந்தே வீட்டுக்குப் போனாள். அவன் பேசியது நியாயம் என்று மனசு சொன்னது. அத்தனை பேர் எதிரில் பேசினானே என்று அதே மனசு முறுக்கிக்கொண்டது. ஆனால் திரையைத் திறக்கும்போதெல்லாம், அந்த வெள்ளை வெளியில் ஒரு பூனை சுருண்டு கிடந்தது.

ஒருநாள் டீம் லீடரின் மேஜைக்கு எதிரில் போய் நின்றாள்.

“தினமும்கிற பட்டனை வெளியில கொண்டு வரணும் சார். பெரிசா.”

“உள்ள வச்சாத்தான் பார்க்க சுத்தமா இருக்கும்னு என்கிட்ட சண்டை போட்டதே நீங்கதானேம்மா?”

“ஆமா சார். அப்ப தப்பாச் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இவ்வளவுதானா! இதை அன்றைக்கே அவனிடம் சொல்வதற்கு என்ன கேடு?

மாற்றிய வடிவத்தைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு அவள் கிளினிக்குக்குப் போனபோது வெயில் பளிச்சென்று அடித்தது. வரவேற்பு மேஜையில் இருந்த அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூணு புள்ளி மேடமா?”

“எப்படித் தெரியும்?”

“கையில நாயும் இல்ல, பூனையும் இல்ல. முகம் மட்டும் ஊசி போட வந்த மாதிரி இருக்கு. வேற யாரா இருக்கும்? உட்காருங்க. தம்பி உள்ள ஒரு நாயோட மல்லுக்கட்டிட்டு இருக்கான்.”

“அக்கா... அந்தப் பூனை விஷயம்... என்னாலதான்...”

“உங்களால மட்டுமா? ஆப் அடிக்கலைன்னா எனக்குப் புத்தி எங்க போச்சு?” அக்கா பெருமூச்சு விட்டாள். “விடுங்க. எங்க அப்பாவைப் பார்க்கிறீங்களா?”

பின்கட்டில், சுவரைப் பிடித்தபடி ஒரு பெரியவர் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தார். ஒரு கையும் காலும் சரியாக வரவில்லை. சுவரோரமாகப் போய்த் திரும்பியதும், சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரே விரலால் அழுத்தினார். வளையத்தில் நீலம் ஏறியது. குழந்தை மாதிரி சிரித்தார்.

“பக்கவாதம் வந்ததுலேர்ந்து கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னாரு” என்றாள் அக்கா தாழ்ந்த குரலில். “பழைய ஆப்ல பட்டனைப் பார்த்தாலே போனைத் தூக்கிப் போட்டுருவாரு. இது வந்தப்புறம் தானா எழுந்து நடக்கிறாரு. அந்த நீலம் ரொம்பணுமாம். தம்பி சொல்லலையா?”

“இல்லையே...”

“எப்படிச் சொல்லுவான்? திட்டி முடிச்சுட்டானே, வீம்பு!”

பெரியவர் அவளைப் பார்த்தார். யாரென்று அக்கா சொன்னதும், குழறும் வார்த்தைகளைத் தேடிப் பிடித்துக் கோத்தார். “இதை... மாத்திடாதம்மா.”

“மாத்தலப்பா. அது அப்படியே இருக்கும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

“அக்கா! ஒரு கை பிடிக்க வா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எனக்கு வேலை இருக்கு” என்று வெறும் மேஜையைப் பார்த்துச் சொன்ன அக்கா, அவளை முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு டாக்டர். அவளைக் கண்டதும் அவன் கை தளர, நாய் மேஜையிலிருந்து இறங்கப் பார்த்தது. அவள் பாய்ந்து இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டாள்.

“நீங்களா...”

“என் பையில போன் இருக்கு. எடுத்துப் பாருங்க.”

ஒரு கையால் நாயைத் தடவியபடி, மறு கையின் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். நீல வளையம் அப்படியே இருந்தது. அதன் கீழேயே, கண்ணுக்கு நேராக, ‘தினமும்’ என்று ஒரு பட்டன்.

“அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கணும்” என்றாள். “நான் யாருன்னும் முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா... அடுத்த நாள் நீங்க வந்து பேசமாட்டீங்களோன்னு...”

அவன் போனை மெதுவாகக் கீழே வைத்தான். “நானும் ஒண்ணு மறைச்சேன். அப்பா...”

“பார்த்தேன்.”

“உங்களைத் திட்டிட்டு வந்து, அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறதைப் பார்ப்பேன். எனக்கே வெக்கமா இருக்கும். தினமும் அந்த ஸ்டாப்புல வந்து நின்னேன், தெரியுமா? நீங்கதான் வரல.”

அவளால் நிமிர முடியவில்லை. நாயின் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஊசியில் மருந்தை ஏற்றினான்.

“போடப் போறேன். நல்லா பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கு.”

ஊசி அந்தரத்தில் நின்றது.

“‘பிடிச்சிருக்கேன்’னு சொல்லணும்” என்றான் மெல்ல.

“நாயைப் பிடிச்சிருக்கேன்...” முகம் கனலாய்ச் சுட்டது. “அது வேற... இது வேற...”

பயந்துபோய்த் தலையை நிமிர்த்தினாள். அவன் கண்கள் நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தன.

“எனக்கும்தான்” என்றான். “அந்த மழையில, முதல் நாள்லேர்ந்தே...”

எப்போது ஊசி போட்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாய்க்கும் தெரிந்திருக்காது. அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“ஊசி போட்டாச்சு...” என்றான். “கையை எடுத்துக்கலாம்.”

அவள் எடுக்கவில்லை. நாயின் முதுகில் இருந்த அவள் விரல்கள்மேல் அவன் கை வந்து படிந்தது.